மதுரை வெயிலில் பைக் கொதித்தால்: புதியவர்களுக்குக் கோளாறு கண்டுபிடிக்கும் வழிகாட்டி

வண்டி சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால் பல இடங்களில் முதல் வேலையாக ஆயிலை மாற்றுவார்கள். சூடு குறையாவிட்டால் அடுத்த வாரம் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம். அதற்கும் அடங்காவிட்டால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிட்டு, ‘இனிமே சூடாகாதுண்ணே’ என்று சாவியைக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் காசு போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எந்தப் பாகத்திலும் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சூடு எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, நாலுவழிச் சாலையில் ஓடும்போதா, மலை ஏறும்போதா, ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயேவா? இது தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர்கூட இதற்கு விடை கண்டுபிடிக்கலாம். ஓட்டுகிறவருக்குத்தான் அது தெரியும்; மெக்கானிக்குக்குத் தெரியாது.

உங்கள் வண்டி எந்த வகை?

ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஷைன், எக்ஸ்எல் எல்லாம் காற்றில் குளிர்கிற வண்டிகள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் உலோகத் தகடுகள், அதாவது ஃபின்கள், சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கின்றன. வண்டி ஓடினால்தான் காற்று. ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி ஸ்கூட்டர்களிலும் காற்றுதான், ஆனால் இன்ஜின் மூடிக்குள் இருப்பதால் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு விசிறி காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்பாச்சி 160 4வி, பல்சர் 220 போன்றவற்றில் இன்ஜினுக்கு முன்னால் சின்னதாக ஓர் ஆயில் கூலர் தொங்கும். ஆர்15, எம்டி-15, டியூக், என்எஸ்200, டோமினார், ஹிமாலயன் 450 ஆகியவற்றில் கூலன்டைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டர், கூலன்ட், வாட்டர் பம்ப், ஃபேன் என்று முழு ஏற்பாடும் உண்டு.

ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர் கூலன்ட் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம். டியூக் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் படிக்க வேண்டும், ஏனென்றால் ரேடியேட்டர் இருக்கிற வண்டியிலும் பிரேக் பிடித்துக்கொள்ளும், ஆயில் குறையும்.

இது உண்மையிலேயே அதிகச் சூடுதானா?

மே மாதத்தில் மதுரையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிற நாட்கள் உண்டு. அந்த வெயிலில், தார் ரோட்டின் அனல் கீழிருந்து அடிக்க, முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையும் சேர, கோரிப்பாளையம் சிக்னலில் காத்திருக்கும் வண்டி சூடாகத்தான் செய்யும். தொடையில் அனல் அடிப்பதை மட்டும் வைத்து இன்ஜின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சிக்னலில் டெம்பரேச்சர் கோடு ஒன்றிரண்டு ஏறி, ஃபேன் ஓடி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். இன்ஜினை நிறுத்திய பிறகு ‘டிக் டிக்’ என்று வரும் சத்தம் உலோகம் ஆறிச் சுருங்குவது. அதுவும் கோளாறு இல்லை.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. மீட்டரில் டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிவது, வண்டி நகர்ந்தும் அது அணையாமல் இருப்பது. மீட்டர் இல்லாத வண்டியில் பிக்கப் குறைவது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் ‘கிணுகிணு’ என்று உலோகத் தட்டுச் சத்தம் வருவது, ஆயில் கருகும் வாடை, ஐட்லிங் நிற்காமல் அணைவது. சூடானால் கியர் மாற்றுவதே இறுக்கமாகி நியூட்ரல் விழ மறுப்பதும் ஓர் அடையாளம். கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுக்கும்போது அப்படி ஆகும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைவது. பிஸ்டன் சிலிண்டரைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

வழியில் கொதித்துவிட்டால்

நிழலில் நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் பல மாடல்களில் கில் சுவிட்சால் இன்ஜினை நிறுத்திவிட்டு சாவியை ஆனில் வைத்தால் ஃபேன் தொடர்ந்து ஓடும். சில நிமிடம் அப்படி விடலாம், பேட்டரி இறங்காத அளவுக்கு.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் போட முடிந்தால் போட்டிருப்பேன். சாதாரணமாகக் கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் 106, 107 டிகிரியில் கொதிக்கும். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் 125 டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்திலும் கையிலும் அடிக்கும். துணியைச் சுற்றித் திறந்தால் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம், ரேடியேட்டரை வெறுங்கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள்.

பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி இன்ஜின் மேல் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். கொதிக்கிற அலுமினியத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால், சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட் வளைவதற்கும் விரிசல் விடுவதற்கும் வாய்ப்பு உண்டு. தானாக ஆறட்டும்.

ஆறிய பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கிக்கர் இல்லாத வண்டியில் டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளிப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக இறுகினால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

எப்போது சூடாகிறது: மூன்று ரோடுகள்

ஒரு நாள் சாயங்காலம் கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலம் வழியாக சிம்மக்கல் வரை நெரிசலில் ஊர்ந்து போங்கள். இன்னொரு நாள் காலையில் கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் ஒரே சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். முடிந்தால் திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு ஏறுங்கள். 18 கொண்டை ஊசி வளைவும் வண்டியை நன்றாகச் சோதித்துவிடும். மூன்றிலும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்து வையுங்கள். ஏற்கெனவே சிவப்பு விளக்கு எரிந்த வண்டியை இப்படிச் சோதிக்கக் கூடாது. அதற்கு உங்கள் ஞாபகத்தில் இருப்பதே போதும்.

நெரிசலில் மட்டும் சூடாகி ஓடும்போது இறங்கினால், ஓட்டத்தில் தானாக வரும் காற்று காப்பாற்றுகிறது, நின்றால் காற்று இல்லை என்று பொருள். ரேடியேட்டர் வண்டியில் ஃபேனைப் பாருங்கள், ஸ்கூட்டரில் விசிறி மூடியைப் பாருங்கள், காற்றில் குளிரும் வண்டியில் ஃபின்களில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலுவழிச் சாலையில், நல்ல காற்று அடிக்கும்போதும் சூடு ஏறினால் ஃபேன்மீது சந்தேகமே வேண்டாம். அந்த வேகத்தில் ஃபேன் தேவையே இல்லை. கூலன்ட் குறைவாக இருக்கலாம், ஓட்டம் அடைபட்டிருக்கலாம், ரேடியேட்டரே அடைத்திருக்கலாம். காற்றில் குளிரும் வண்டியானால் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டிருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம், சக்கரம் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மலையில் மட்டும் சூடானால், ஓட்டும் முறையை முதலில் பாருங்கள். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு நாலாவது கியரில் முக்கி முக்கி ஏறுவதைவிட இரண்டாவதில் இறக்கி இன்ஜினைச் சுற்றவிட்டு ஏறுவது வண்டிக்கு நல்லது. வேகம் குறைந்த கியரில் பம்பும் வேகமாகச் சுற்றும், தட்டுச் சத்தமும் வராது. அப்படி ஏறியும் சூடானால் கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள்: இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது.

ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கோடு உச்சிக்குப் போனால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இந்த மூன்றும் பின்னால் வருகின்றன.

இன்ஜினைத் தொடும் முன் சக்கரத்தைச் சுற்றுங்கள்

இந்தச் சோதனையைப் பலர் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். காசே செலவில்லாத சோதனை இது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில், பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சில சுற்று சுற்ற வேண்டும். உடனே நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது செயின் மிக இறுக்கம், அல்லது பேரிங் போயிருக்கிறது. டிரம் பிரேக் வண்டியில் பெடலை அழுத்தினால் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்க வேண்டும். செயினும் நடுவில் மேலும் கீழும் ஏறக்குறைய அதே அளவு ஆட வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் விடை கிடைத்துவிட்டது. இன்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கை பிரேக்கோடு மல்லுக்கட்டச் செலவழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிளட்ச் லீவரிலும் சிறிதளவு சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும். கேபிள் இறுகியிருந்தால் கிளட்ச் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்தச் சூடு நேராக ஆயிலுக்குள் போகும். நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கமும் இதையேதான் செய்கிறது. டயரில் காற்று குறைந்தாலும் இன்ஜினுக்குச் சுமை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு 100 சிசி வண்டியில் மூட்டை ஏற்றிப் போகிறவர்கள் காற்றை வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

ஆயில்

வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்துங்கள், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சி உள்ள வண்டிகளில் துடைத்துவிட்டு மறுபடி விடும்போது சிலவற்றில் மரையைத் திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல். கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை சூட்டைச் சுமக்காது.

கடையில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று பல கிரேடு வைத்திருப்பார்கள். வெயில் ஊர் என்பதற்காகக் கெட்டியான ஆயிலைத் தள்ளிவிடுவார்கள். கம்பெனி சொன்ன கிரேடையே வாங்குங்கள். டப்பாவில் ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும், கியர் பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால். ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலையோ கார் ஆயிலையோ ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு.

ஆயிலை எடுத்துப் பார்க்கும்போது அது பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாதீர்கள். மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெள்ளை நுரை இருந்தால் பயப்பட வேண்டாம். தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படியும்.

காற்றில் குளிரும் வண்டிகளில் பார்க்க வேண்டியவை

ஃபின்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயப் போட்டிருப்பார்கள். அந்தத் தூசும் வைக்கோல் துணுக்கும் எங்காவது ஆயில் கசியும் இன்ஜினில் ஒட்டி, சூட்டில் கருகி, மண் ஓடாகிவிடும். அந்த ஓடு இருக்கும்வரை ஃபின் இருந்தும் பயனில்லை. ஆறிய இன்ஜினில் டீசலும் பழைய பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கசிவையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் ஒட்டும். ஸ்கூட்டரில் விசிறிக்குக் காற்று நுழையும் சல்லடை மூடியைப் பாருங்கள். பாலித்தீன் பை, காய்ந்த இலை எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சர்வீஸில் கழற்றிய காற்று மூடியைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. அது இல்லாவிட்டால் காற்று சிலிண்டர் பக்கமே போகாது.

இன்ஜினுக்கு முன்னால் கால் மறைப்பு, பெரிய கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு, கட்சிக் கொடி என்று எதுவும் காற்றை மறைக்கக் கூடாது.

அடுத்து கலவை. காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் சூடாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: இளம் பழுப்பு என்றால் சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் கலவை வறட்சி அல்லது அதிகச் சூடு. கார்புரேட்டர் வண்டியில் இன்னோர் எளிய சோதனை உண்டு. சூடான இன்ஜினில் சோக்கைக் கொஞ்சமாக இழுத்து ஓட்டிப் பாருங்கள். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தால் கலவை வறண்டிருக்கிறது. பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் பைப்பில் வெடிப்பு. ஐட்லிங்கில் அந்த ரப்பர் மேல் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பவர்கள் தீயோடு விளையாடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு விற்ற வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன். அவற்றில் திருக ஒன்றும் இல்லை. மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிச் சத்தம் கூட்டிய வண்டிகள் எந்த வகையானாலும் வறண்டு ஓட வாய்ப்பு உண்டு. பழையதைத் திரும்ப மாட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

ரேடியேட்டர் வண்டி: வரிசை மாறாமல் பாருங்கள்

இங்கே வரிசை முக்கியம், எளிதும் மலிவுமானது முதலில் வருகிறது.

கூலன்ட் அளவு. ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகள் இருக்கும். டேங்கில் அளவு சரியாக இருப்பதால் மட்டும் ரேடியேட்டர் நிறைந்திருக்கிறது என்று நம்ப வேண்டாம். முழுக்க ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய்வரை இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். சில வண்டிகளில் மூடி டேங்க் ஓரத்து பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும்.

கசிவு. குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது. நம் ஊர் வெயிலில் சொட்டிய இடம் காய்ந்துவிடும், தரையில் ஒன்றும் தெரியாது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஹோஸ் மாட்டும் இடங்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால் அது காய்ந்த கூலன்ட். வாட்டர் பம்ப் மூடிக்கு அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். பம்பின் சீல் போனால் வெளியே காட்டிக்கொடுப்பதற்காகவே கம்பெனி வைத்த ஓட்டை அது. அங்கே தொடர்ந்து சொட்டினால் சீலை மாற்ற வேண்டும். எம்சீல் வைத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்தால் கூலன்டுக்கு மிச்சமிருக்கும் வழி இன்ஜின் ஆயில்தான்.

மூடி. மலிவான பாகம், யாரும் சந்தேகப்படாத பாகம். அதன் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்து டேங்குக்குத் தள்ளப்படும். ஓடி வந்து நிறுத்தியதும் ரிசர்வ் டேங்க் நிரம்பியிருக்கிறது, ஆறிய பிறகும் அளவு இறங்கவில்லை, ரேடியேட்டருக்குள் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் மூடிதான், அல்லது டேங்குக்குப் போகும் சின்ன ட்யூப்பில் ஓட்டை. புது மூடி வாங்கும்போது பழையதில் அச்சடித்த அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

ரேடியேட்டர் முகம். பூச்சி, சேறு, தும்பு அடைத்திருக்கும். வாட்டர் சர்வீஸில் உயர் அழுத்தத் தண்ணீரை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் படுத்துவிடும், அதன் பிறகு காற்று நுழையாது. வீட்டுக் குழாயில் மெதுவாக, முடிந்தால் பின்னாலிருந்து முன்னால் தண்ணீர் விடுங்கள். படுத்த தகடுகளைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

ஃபேன். வண்டியை நிறுத்தி ஐட்லிங்கில் விட்டுக் காத்திருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 95 முதல் 105 டிகிரிக்குள் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லையா? அணைத்து, ஆறியதும், முதலில் ஃபியூஸ். பிறகு ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். கையை உள்ளே வைக்காதீர்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயோ சென்சாரோ ஒயரிங்கோ தான் காரணம். சுற்றாவிட்டால் மோட்டார். மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர் 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். ஏகப்பட்ட எல்இடி விளக்கு மாட்டிய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, சரியான திசையில் சுற்ற வேண்டும். யாராவது ஒயரை மாற்றி இணைத்திருந்தால் அது தலைகீழாகச் சுற்றி, ஓட்டத்தில் வரும் காற்றோடு மோதும். ஒரு துண்டு நியூஸ் பேப்பரை ரேடியேட்டர் முன்பக்கம் பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பேப்பர் ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும். பறந்துபோனால் திசை தப்பு.

தெர்மோஸ்டாட். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கவனியுங்கள். மீட்டர் உச்சியில் இருக்கிறது, ரேடியேட்டரோ இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். அதன்மேல் அச்சிட்ட டிகிரியை ஒட்டி, பெரும்பாலும் 70க்கும் 85க்கும் நடுவில், திறக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்ற யோசனையை ஏற்காதீர்கள். காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும். அதுவரை வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும், மைலேஜ் போகும், தேய்மானம் கூடும்.

பம்ப். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, தெர்மோஸ்டாட் திறந்தும் ரேடியேட்டர் சூடேறவில்லை என்றால் பம்ப் கூலன்டைத் தள்ளவில்லை. உள்ளே இருக்கும் விசிறி உடைந்தோ கழன்றோ இருக்கலாம். இதை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட். இதைச் சொல்லித்தான் பெரிய பில் போடுவார்கள், எனவே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் சிக்கிய காற்று. ஸ்டார்ட் செய்த கணத்திலிருந்து குமிழி நிற்காமல் வந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் நுழைகிறது. மூடி போட்ட வண்டியில், இன்னும் சூடேறாதபோதே ஹோஸ் கல்லாக இறுகுவதும் அதன் அடையாளம். சைலன்சரில் இனிப்பு வாடையோடு நிற்காத வெள்ளைப் புகை, பால் நிற ஆயில் இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ‘கேஸ்கெட் போச்சு’ என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வைக்கும் குடத்தில் வெள்ளைப் படிவு எப்படி ஏறுகிறது என்று தெரியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதுவே படியும், அலுமினியமும் அரிக்கும். வழியில் வேறு வழியே இல்லையென்றால் பாட்டில் தண்ணீர் ஊற்றி மெதுவாக வீடு வாருங்கள், பிறகு முழுவதும் வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் போடுங்கள். ரெடிமிக்ஸ் டப்பாவானால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியான வகையானால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்குங்கள். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு கம்பெனியின் பச்சை ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பழையது எது என்று தெரியாவிட்டால் மேலே மேலே ஊற்றுவதைவிட முழுதாக மாற்றிவிடுவது நல்லது. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது மேனுவலில் இருக்கும்.

புதுசாக ஊற்றியபின் உள்ளே காற்று சிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டதால் மட்டுமே கொதிக்கும் வண்டிகள் உண்டு. மெதுவாக ஊற்றி, ஹோஸைக் கையால் பிசைந்து, வண்டியை இடமும் வலமும் சாயுங்கள். காற்று விடும் போல்ட் உள்ள மாடலில் அதைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விடுங்கள். மூடியைத் திறந்தபடி சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டி, குறையும்போது ஊற்றி, மூடுங்கள். அடுத்த நாள் காலையில் ஆறிய வண்டியில் மறுபடி அளவு பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், ஆனால் ருசி இனிப்பு. தெருநாய் நக்கும், குழந்தை கை வைக்கும். மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

‘அண்ணே, வண்டி சூடாகுது’ என்று மட்டும் சொன்னால் அவரும் ஆயிலிலிருந்துதான் தொடங்குவார். ‘சிக்னல்ல நின்னா ஏறுது, ஓடுனா இறங்குது. கூலன்ட் ஃபுல்லா இருக்கு, ஃபியூஸ் நல்லாருக்கு. ஃபேனுக்கு நேரா கரன்ட் குடுத்தா சுத்துது, தானா சுத்தல’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் நேராக ரிலேவுக்கும் சென்சாருக்கும் போவார். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துக் காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளக்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்த அன்றே சூடேறிய அதே ரோட்டில் அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சிக்னலில் ஏறிய சூட்டைக் காலைக் காற்றில் ரிங் ரோட்டில் ஓட்டிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது.